சுக்குவைப் பழக்கிய குரல்

குட்டியைக் கொண்டுவந்த பெண் முதலில் அதைப் பெட்டியிலிருந்து இறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்களைத்தான் சுற்றிப் பார்த்தாள். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று உள்ளங்கை அளவில் மூன்று ஒலிப்பெட்டிகளைத் திருகி மாட்டினாள். கூடத்துப் பெட்டிக்கு மேலே ஒரு சின்னக் கேமரா. அதெல்லாம் முடிந்த பிறகே குட்டியைத் தூக்கித் தரையில் விட்டாள். அது நாலு எட்டு நடந்து என் செருப்பை முகர்ந்தது. பிறகு அதன் மேலேயே மூத்திரம் பெய்தது.

"இன்னிக்கி ஒரு நா போகட்டுமுங்க சார். நாளையிலிருந்து குரல் பாத்துக்கும்," என்றாள் அந்தப் பெண். பெயர் வர்ஷினி. நாய் பழக்கும் நிறுவனத்தின் ஆள்.

காய்ந்த இஞ்சியின் நிறத்தில் ஒரு நாட்டுக் குட்டி. என் மனைவி மகேஸ்வரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சுக்கு," என்றாள். அதுவே பெயராகிவிட்டது.

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் யாரும் தங்கள் நாயைத் தாங்களே பழக்கவில்லை. குரலை வைத்துப் பழக்கினார்கள். குட்டி என்ன செய்கிறது என்று கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமோ, அந்த நொடியில் சுவரிலிருந்து குரல் சொல்லும். அதற்குச் சலிப்பு கிடையாது, கோபம் கிடையாது, ஆபீஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்புவதும் கிடையாது. முதலில் நிறுவனமே சில குரல்களை வைத்திருந்தது. அப்புறம் சனங்கள் தங்களுக்கு வேண்டிய குரலைக் கேட்க ஆரம்பித்தார்கள். செத்துப்போனவர்களின் குரலை முதலில் கேட்டது யார் என்று தெரியவில்லை. நாங்கள் கேட்டபோது அது ஒரு புதுமையாக இல்லை. எங்கள் வீதியிலேயே மூன்று வீடுகளில் இறந்தவர்கள் நாய்களை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் கேட்டது எங்கள் மகன் தரணீஷின் குரல்.

நானும் அவனும் ஒரு காரில் பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவன் ஓட்டினான். லாரி அவன் பக்கம் வந்தது, என் பக்கம் வரவில்லை. போலீஸ் கேட்டபோது இவ்வளவுதான் சொன்னேன். மகேஸ்வரி கேட்டபோதும் இவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டில் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கல்லூரி நூலகத்துக்குப் போவேன். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன். வருவேன்.

மகேஸ்வரி சாப்பிடுவதை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. சமைப்பாள், எனக்குப் போடுவாள், தனக்கும் ஒரு தட்டு வைப்பாள், பிறகு அந்தத் தட்டைக் கழுவிவிடுவாள். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகச் சத்து ஏற்றினார்கள். இரண்டாம் தடவை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "இன்னொருக்கா இப்படிக் கூட்டியாந்தீங்கன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றார். நான் தலையாட்டினேன். நாய்க்குட்டி வேண்டும் என்று அவள் கேட்டது அதற்கு அடுத்த வாரம். அந்த வருடத்தில் அவள் கேட்ட ஒரே பொருள் அது.

வர்ஷினி கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க ஆன்ட்டி. பழக்கம் முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் குட்டிகிட்டப் பேசப்படாது. தூக்கலாம், தடவிக் குடுக்கலாம். பேச்சு மட்டும் குரலோடதா இருக்கோணும்."

"நாங்க பேசுனா என்ன ஆயிரும் கண்ணு?"

"கொழம்பிக்குமுங்க. யாரு சொல்றதக் கேக்கறதுன்னு அதுக்குத் தெரியாது."

"அதப் பத்திக் கவலப்படாத. இந்த வீட்ல ஆரு பேசறாங்க," என்றாள் மகேஸ்வரி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

வர்ஷினி தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் கட்டளைச் சொற்களைக் காட்டினாள். கம், சிட், ஸ்டே, நோ.

"எல்லாம் இங்கிலீசுங்களா?"

"எல்லா வீட்லயும் அப்படித்தானுங்க ஆன்ட்டி."

அது உண்மைதான். பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி அண்ணன் பம்பு கம்பெனியில் முப்பது வருடம் இருந்து, வெளிநாட்டு அதிகாரி வந்தால் கக்கூஸுக்குள் போய் ஒளிந்துகொண்டவர். அவரே தன் நாயிடம், "டைசன், கம் ஹியர் மேன்," என்றுதான் பேசுவார். அண்ணியிடம் தமிழ், நாயிடம் இங்கிலீஷ். ஊரே அப்படித்தான் இருந்தது.

"என்ற பையன் இங்கிலீசுல பேச மாட்டான்," என்றாள் மகேஸ்வரி. பலகையை வாங்கி, தானே சொற்களை மாற்றிச் சொன்னாள். வா. இரு. உக்காரு. படு. வேண்டாம். போதும். கடைசியாகக் கொஞ்சம் யோசித்து, "சாப்புடு," என்றாள்.

"சாப்பாட்டுக்கெல்லாம் சொல்லே தேவையில்லைங்க ஆன்ட்டி. தட்டு வச்சா ஓடியாந்துரும்."

"சொன்னப்பறம் தின்னட்டும். அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது."

அந்தச் சொற்களை நாய்க்காகத்தான் பொறுக்குகிறாள் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலையில் குரல் முதல் தடவையாகப் பேசியது. கூடத்து மூலையிலிருந்து, "சுக்கு, வா," என்றது. தரணிதான். காலேஜிலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்கிற அதே தொனி. குட்டி தலையை ஒரு பக்கம் சாய்த்தது. மகேஸ்வரி கையிலிருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் எதையோ எடுக்கப்போவதுபோல் பின்பக்கம் போய், துவைக்கிற கல்லின் அருகே நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதிர் வீட்டு மொட்டை மாடியில் யாரோ போர்வை உதறினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் குட்டியின் கிண்ணத்தில் பால் சோறு வைத்தோம். அது பாய்ந்தது. "இரு," என்றது குரல். குட்டி நின்றது. நின்றது என்றால், பின்பக்கம் முழுவதும் ஆடிக்கொண்டிருக்க முகம் மட்டும் நின்றது. அப்புறம், "சாப்புடு."

குட்டி தின்றது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மகேஸ்வரி தன் தட்டில் கை வைத்து, ரசத்தைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்தாள். நான் என் தட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் பார்த்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது. அவள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். மோர் ஊற்றிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. "படு," என்று சுவர் சொன்னால் குட்டி தன் சாக்கில் சுருண்டுகொள்ளும். மகேஸ்வரியும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போவாள். போனில் அவன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது, திரைச்சீலையைக் கடிக்கிற குட்டியிடம் குரல், "போதும்," என்றால், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஒரு தடவை அவன் அறைக் கதவைத் திறக்கப் போனாள். அதே நேரம் குட்டி என் புத்தகத்தின் முதுகைக் கிழிக்கப் போனது. "வேண்டாம்," என்றது குரல். குட்டி புத்தகத்தை விட்டது. அவள் தாழ்ப்பாளை விட்டாள்.

மிரட்டிச் சொன்ன டாக்டர், கெஞ்சிச் சொன்ன அவள் தங்கை, யாரும் செய்யாததை நாய்க்குச் சொல்கிற ஏழு சொல் செய்துகொண்டிருந்தது. எனக்கு அது சரியாகவும் படவில்லை, தப்பாகவும் படவில்லை. அவள் சாப்பிட்டாள்.

மகேஸ்வரிக்குத் தெரியாத ஒன்று இதில் இருந்தது.

குட்டி வருவதற்கு முன்பு வர்ஷினி என்னைத் தேடி நூலகத்துக்கு வந்திருந்தாள். பத்திரிகைகள் அடுக்குகிற மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, ரொம்பத் தயங்கினாள்.

"தம்பியோட குரல் பதிவு பத்தலைங்க சார். போன்ல இருந்த எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டோம்."

"நெறைய இருக்குமே."

"எழுத்தா நெறைய இருக்குதுங்க. இப்பத்த பசங்க பேசறதில்லைங்களே, டைப்தான் பண்றாங்க. பேச்சுன்னு இருக்கறதுல பாதி சிரிப்புங்க. மீதி 'ம்', 'செரி', 'வந்தர்றேன்'."

நான் ஒரு பத்திரிகையை எடுத்து அடுக்கில் வைத்தேன்.

"இந்த மாதிரி ஆனா, அப்பாவோ அண்ணனோ இருந்தா அவங்க குரல அடியில வச்சுக்குவோமுங்க. மேல தம்பியோட சாயலப் பூசிருவோம். உங்க குரல் நெறைய இந்தக் காலேஜ்லயே இருக்குதாமா?"

இருந்தது. கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்வது பல வருடங்களாக என் வேலைகளில் ஒன்று. கட்டுமானப் பொருள்கள் என்ற புத்தகம் முழுவதும் என் குரலில் இருக்கிறது. சிமெண்டு இறுகுவதற்கு எவ்வளவு நேரம், மணலில் எவ்வளவு ஈரம் இருக்கலாம்.

"எவ்வளவு என்னோடது இருக்கும்?" என்று கேட்டேன்.

"முக்காவாசி உங்களுதுதானுங்க சார்." பிறகு மெதுவாக, "ஆன்ட்டிகிட்டச் சொல்லோணுமுங்களா? வழக்கமா நாங்களாச் சொல்றதில்ல. கேட்டாச் சொல்லுவோம்," என்றாள்.

மகேஸ்வரி கேட்கவில்லை. அவள் சாப்பிட ஆரம்பித்த பிறகு சொல்வதற்கு வழியும் இல்லை. மகன் சொல்கிறான் என்று சாப்பிடுகிறவளிடம் போய், அது சிமெண்டைப் பற்றி வாசித்த உன் புருஷன் என்று எப்படிச் சொல்வது? சொன்ன அன்றைக்கே தட்டு மறுபடி கழுவப்படும். அதற்குப் பிறகு டாக்டரிடம் போவதற்கும் இல்லை.

ஆனால் குட்டியை ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடம், "சித்த இருங்க, சில்லறை எடுத்தாறேன்," என்றேன். பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்த சுக்கு ஓடிவந்து என் காலடியில் அசையாமல் நின்றது. பயிற்சியில் நிற்கிற அதே நிலை. மகேஸ்வரி குளித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து போன் வந்தால் வெளியே போய்த்தான் பேசினேன். வீட்டுக்குள் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினேன், கையைக் காட்டினேன். நான் வாயைத் திறந்தால் குட்டி என்னைப் பார்க்கும். குட்டி பார்த்தால் அவள் பார்ப்பாள்.

"காப்பி வேணுமுங்களா?"

தலையாட்டினேன்.

"சக்கர போடட்டுமா?"

கையால் கொஞ்சம் என்று காட்டினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? நாயே பரவால்ல, கேட்டா வாலையாச்சும் ஆட்டுது," என்றாள். சாப்பிடுகிறவளுக்குத்தான் இப்படிப் பேசத் தெம்பு வரும். அந்தக் கேலியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நாலாம் மாதம் வர்ஷினி சோதனைக்கு வந்தாள். குட்டி தேறவில்லை. "உக்காரு," என்றால் படுத்தது. "வா," என்றால் சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவின் முன்னால் நின்றது.

"கொஞ்சம் மக்காத்தான் இருக்குதுங்க," என்றாள் வர்ஷினி, டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"மெதுவாக் கத்துக்கட்டும் கண்ணு. அதென்ன கலெக்டர் பரிச்சையா எழுதப்போகுது?"

எனக்கு விஷயம் தெரியும். குரல் "உக்காரு" என்கிறபோது குட்டி படுத்தால், மகேஸ்வரி யாரும் பார்க்காதபோது பிஸ்கட் கொடுப்பாள். கோலம் போட்ட பலகையில் மூத்திரம் போனால் தடவிக் கொடுப்பாள். பழக்கம் முடிந்தால் குரலை எடுத்துவிடுவார்கள் என்று ஒப்பந்தம். அப்படிச் செய்தது அவள் ஒருத்தி மட்டுமல்ல. இறந்தவர்களின் குரல் இருந்த வீடுகளில் எல்லாம் நாய்கள் மக்காகவே இருந்தன. அதனால் ஆறு மாதத்துக்கு மேல் எந்தக் குட்டிக்கும் அந்தக் குரல் கிடையாது, தேறினாலும் தேறாவிட்டாலும், என்று அரசாங்கம் விதி போட்டுவிட்டது.

வர்ஷினி அதைச் சொன்னபோது மகேஸ்வரி, "ஆருக்கு என்ன கெட்டுப்போச்சு அதனால?" என்று கேட்டாள்.

"சிங்காநல்லூர்ல ஒரு வீடுங்க ஆன்ட்டி. பெரியவரு குரல்லயே மூணு வருசம் நாயி வளந்துச்சு. ஒரு நா கரண்டு போயி பெட்டி நின்னுபோச்சு. அவரு மருமக வாசல்ல பால் வாங்கப் போயிருக்கறாங்க. திரும்பி உள்ள விட மாட்டீங்குது. அந்த வீட்ல யாரு சொன்னாலும் அது கேக்காது. அதுக்கு அவங்கெல்லாம் மனுசங்களே இல்லைங்க. சோறு வைக்கற சாமானாட்டத்தான்."

"அப்பறம்?"

"ஊசி போட்டுட்டாங்க. வேற வழியில்லைங்க. உங்களுக்கும் நாள் வர்றப்ப, நீங்க யாராச்சும் கூப்புட்டு அது வந்தாத்தான் விட்டுட்டுப் போவோம். ஒரு மாசம் பாப்போம். வரலைன்னா நாங்களே தூக்கிட்டுப் போயிருவோம்."

மகேஸ்வரி சுக்குவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தப்பான பிஸ்கட் கொடுப்பதை நிறுத்தினாள். இரண்டு மாதத்தில் குட்டி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. வர்ஷினி பதினோரு மணிவாக்கில் வந்தாள். பெட்டிகளைக் கழற்றும் முன், "கடைசியா ஒருக்கா ஏதாச்சும் சொல்லச் சொல்லட்டுமுங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் மகேஸ்வரி.

வர்ஷினி திருகுகளைக் கழற்றினாள். சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள். குட்டி ஒவ்வொரு சுவராகப் போய் நிமிர்ந்து பார்த்தது. பிறகு கூடத்தின் அந்தக் கோடியில் போய் நின்றது.

"கூப்புடுங்க ஆன்ட்டி."

"சுக்கு, வா," என்றாள் மகேஸ்வரி. ஆறு மாதத்தில் அவள் அதனிடம் பேசிய முதல் சொல். குட்டி அவளைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. நகரவில்லை. "சுக்கு, வாடா. வாடா சாமி." அது கொட்டாவி விட்டது.

"மொத நாளு அப்படித்தானுங்க. மெதுவா வரும்." வர்ஷினி என் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் உடனே கண்ணைத் தாழ்த்தி, கழற்றிய திருகுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள். அவளுக்குத் தெரியும். என்னைக் கூப்பிடச் சொல்லக் கூடாது என்றும் நினைத்திருக்க வேண்டும்.

"நீங்க கூப்புட்டுப் பாருங்க," என்றாள் மகேஸ்வரி.

நான் கையை ஆட்டி, வேண்டாம் என்று காட்டினேன்.

"கூப்புடுங்களேன். என்னையாட்ட உங்களையும் பாத்துக் கொட்டாவிதான உடப்போகுது? இல்லாட்டித் தூக்கிட்டுப் போயிருவாங்க."

கூப்பிட்டால் அது வரும். வந்தால் இவளுக்குத் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் ஒரு மாதத்தில் குட்டியும் இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் அவள் தட்டு காலியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இதையெல்லாம் நினைத்தபோது பயமாகக்கூட இல்லை. கணக்குப் போடுவதுபோல் இருந்தது.

"சுக்கு, வா," என்றேன்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குட்டி தரை வழுக்க ஓடிவந்தது. திரும்புகிற இடத்தில் கால் சறுக்கி விழுந்து, எழுந்து, என் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. சொல்லாமலே உட்கார்ந்தது. அங்கிருந்து என் வாயையே அண்ணாந்து பார்த்தது.

வர்ஷினி தன் பையின் ஜிப்பை மூடினாள். "அப்ப நான் வர்றனுங்க," என்றாள். வாசல் வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து மகேஸ்வரியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள்.

மதியம் மகேஸ்வரி சமைத்தாள். பீர்க்கங்காய்க் கூட்டும் ரசமும். எனக்குப் போட்டாள். குட்டியின் கிண்ணத்தில் வைத்தாள். தன் தட்டிலும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கை வைக்கவில்லை. கிண்ணத்தின் முன்னால் குட்டியும் வாய் வைக்காமல் நின்றது.

"மொதல்லயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றேன். குட்டி காதை நிமிர்த்தியது.

அவள் ரசப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. தரணி எந்தக் காலத்துல என்னையச் சாப்புடச் சொல்லியிருக்கறான்? வருவான், போட்டதத் தின்னுவான், தட்ட அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போவான். நீ தின்னியான்னு ஒரு நா கேட்டதில்ல. பசங்க அப்படித்தான்."

"ம்."

"ஆருன்னு யோசிக்கல. யோசிச்சா நின்னுபோகுமாட்ட இருந்துச்சு. ஆரோ சாப்புடச் சொல்றாங்க, அது போதும்னு உட்டுட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தன நாளும் எதுத்தாப்பலதான உக்காந்துட்டு இருந்தீங்க. செவுத்துல இருந்துதான் சொல்லோணுமா அத?"

தட்டில் கூட்டு ஆறிப்போய் ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது.

"நாய்க்குச் சொன்ன மாதிரி எனக்கு வேண்டாம்," என்றாள். "என்ற பேரச் சொல்லிச் சொல்லுங்க."

தொண்டையைச் செருமினேன். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாய்க்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"மகேசு, சாப்புடு."

குட்டி கிண்ணத்தில் வாய் வைத்தது. சளக்சளக்கென்று தின்னத் தொடங்கியது. மகேஸ்வரி வைக்கவில்லை. கை தட்டின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

மறுபடியும் சொன்னேன்.